சென்னை மாடியில் எச்செவேரியா ஏன் சாகிறது: பகலை விடுங்கள், இரவைப் பாருங்கள்

கோத்தகிரியில் என் சித்தி வீட்டு வாசலில் ஒரு பழைய பெயின்ட் வாளி இருக்கிறது. அதற்குள் எச்செவேரியா என்ற சதைப்பற்றுள்ள செடி ஒன்று, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து, சுற்றிலும் ஏழெட்டுக் குட்டிகளோடு உட்கார்ந்திருக்கும். சித்தி அதற்கு உரம் போட்டதில்லை, மண் மாற்றியதில்லை, வாளியின் அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டதோடு சரி. கேட்டால் "அதுக்கு என்னப்பா பண்ணணும், அது பாட்டுக்கு வளருது" என்பார். அந்தச் செடியிலிருந்து குட்டி பிரித்து, தாம்பரத்தில் என் மொட்டைமாடிக்கு மூன்று தடவை கொண்டுவந்திருக்கிறேன். மூன்றும் ஜூன் மாதத்தைப் பார்க்கவில்லை. முதல் குட்டி கருகியதும் வெயில்தான் காரணம் என்று அடுத்ததை நிழலில் வைத்தேன். அது கழுத்து நீண்டு வெளிறிப்போய், ஒரு வாரம் விடாமல் புழுங்கிய மே மாதத்தில் அழுகியது. மூன்றாவதற்குத் தண்ணீரையே காட்டாமல் பட்டினி போட்டேன். அப்புறம் திடீரென்று பாவம் பார்த்து ஒரு சாயங்காலம் நிறைய ஊற்றினேன். நாலாம் நாள் காலையில் விரல் பட்டதும் இலைகள் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து, நடுவில் கறுத்த தண்டு மட்டும் நின்றது.

வெயில், தண்ணீர், மண் என்று பகலில் கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். இரவு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. இந்த வகைச் செடிகளுக்கு இரவுதான் வேலை நேரம் என்பது தெரிந்த பிறகுதான், அதுவரை தனித்தனியாகக் கேட்டிருந்த அறிவுரைகள் எல்லாம், எந்த மண், எந்தத் தொட்டி, எப்போது தண்ணீர், எந்த மாதம் இலை வைப்பது என்பதெல்லாம், ஒன்றோடொன்று சேர்ந்து புரிந்தன.

முதலில் எந்தச் செடிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். தண்டு குட்டையாக இருந்து, சதைப்பற்றுள்ள இலைகள் ரோஜாப்பூ இதழ் மாதிரி சுற்றிச் சுற்றி அடுக்கியிருந்தால் அதை ரோசெட் என்கிறார்கள். நான் அடுக்கு என்றே எழுதுகிறேன். இந்த வடிவம் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமானது கிடையாது. மெக்சிகோவின் எச்செவேரியா, கிராப்டோபெட்டலம், ஐரோப்பிய மலைகளின் செம்பர்விவம், கேனரித் தீவுகளின் ஏயோனியம், கலிஃபோர்னியாப் பக்கத்து டட்லியா எல்லாம் கிராசுலேசி குடும்பம். நம் வீட்டுச் சோற்றுக்கற்றாழை, தென்னாப்பிரிக்காவின் ஹவார்த்தியா, வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழை எல்லாம் வேறு வழியில் வந்தவை, ஆனாலும் அதே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அடுத்தடுத்து முளைக்கும் இலைகளுக்கு நடுவே பெரும்பாலும் 137.5 பாகையை ஒட்டிய கோணம் இருக்கும். அதனால் எந்த இலையும் இன்னொன்றின் நேர்மேலே வந்து உட்காராது. கைக்குள் அடங்குகிற இடத்தில் ஐம்பது அறுபது இலை, எல்லாவற்றுக்கும் கொஞ்சமாவது வெளிச்சம், எல்லாம் சேர்ந்து நடுக்குருத்தை மூடிக் காப்பாற்றும்.

நம் ஊரில் இதே கிராசுலேசி குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செடி உண்டு. ரணகள்ளி. அடுக்கு வடிவம் அதற்குக் கிடையாது. ஆனால் ஒரு இலையைப் பறித்து நூலில் கட்டித் தொங்கவிட்டாலே ஓரத்துப் பற்களிலிருந்து குட்டிகள் முளைக்கும் என்பதால் "கட்டிப்போட்டால் குட்டிப்போடும்" என்று ஒரு முழு வாக்கியத்தையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்குள் அந்த இலையை வைத்து, குட்டி வந்ததா என்று நாளுக்கு நாலு தடவை திறந்து பார்த்தவர்களுக்கு, இலையிலிருந்து செடி வரும் என்பது புதுச் செய்தியாக இருக்காது.

இந்த இலையை வாயில் வைத்துப் பார்த்துத்தான் இரவு விஷயமும் வெளியே வந்தது. மொராவிய மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் வேலை பார்த்த பெஞ்சமின் ஹைனே, 1813-இல் லண்டனில் இருந்த லாம்பர்ட் என்ற தாவரவியலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். ரணகள்ளி இலை விடியற்காலையில் நல்ல புளிப்பு, நேரம் ஆக ஆகப் புளிப்பு குறைந்து நடுப்பகலில் சப்பென்று ஆகிவிடுகிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று அதில் எழுதியிருந்தார். 1815-இல் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது அச்சானது. ஒரே இலை, ஒரே நாளில் மூன்று ருசி. அதற்கு முழு விளக்கம் கிடைக்க நூறு வருடங்களுக்கும் மேல் ஆனது. (நீங்களும் கடித்துப் பார்க்க வேண்டாம், ரணகள்ளியை மேய்ந்த மாடுகளுக்கு இதயம் பாதிக்கிற அளவுக்கு அதில் நச்சு உண்டு. ருசி பார்க்க ஆசையாக இருந்தால் பருப்புக்கீரை இருக்கிறது. தண்ணீர் பற்றாத காலத்தில் அதுவும் ஓரளவுக்கு இதே வழிக்கு மாறும், காலையில் பறித்தால் புளிப்பு கூடுதலாக இருக்கும்.)

விளக்கம் இதுதான். சாதாரணச் செடி பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டைஆக்சைடை உள்ளே இழுக்கும். துளை திறந்தால் உள்ளிருக்கும் நீரும் ஆவியாகப் போகும். பாறை இடுக்கில் நிற்கும் செடிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதனால் இவை பகல் முழுக்கத் துளைகளை அடைத்துக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் வெளிச்சம் இல்லாததால் இழுத்த காற்றை அப்போதே மாவுச்சத்தாக்க முடியாது. மாலிக் அமிலமாக மாற்றி, இலைச் செல்களுக்குள் இருக்கும் நீர்ப்பையில் தேக்கி வைக்கும். விடியும்போது பை நிறைய அமிலம், அதுதான் ஹைனே நாக்கில் பட்ட புளிப்பு. பகலில் கதவை மூடிக்கொண்டு, உள்ளேயே அந்த அமிலத்தை உடைத்துக் கார்பனை வெளியே எடுத்து, சூரிய வெளிச்சத்தில் சமைத்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டுக்கு கிராசுலேசி குடும்பத்தின் பெயரையே வைத்து கிராசுலேசியன் ஆசிட் மெட்டபாலிசம் என்கிறார்கள், சுருக்கமாக சி.ஏ.எம். இலை தடிமனாக இருப்பதற்கு நீர் சேமிப்பு மட்டும் காரணம் கிடையாது, இரவில் வருகிற அமிலத்தை வைக்கவும் இடம் வேண்டுமே.

இப்போது எண்களைப் பாருங்கள். எச்செவேரியாக்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மேட்டு நிலங்களிலிருந்தும் மலைச்சரிவுகளிலிருந்தும் வந்தவை. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே மே மாத இரவு 12, 13 டிகிரிக்கு இறங்கும். நம் ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். சென்னையில் மே மாத இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையே சராசரியாக 28 டிகிரியை ஒட்டி நிற்கிறது, அதுவும் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான். நாள் முழுக்கக் காய்ந்த மாடித்தளம் நள்ளிரவு வரை அனல் விடும். அந்தச் சூட்டில் இலைத்துளை சரியாகத் திறப்பதில்லை, நீர்ப்பையால் அமிலத்தை முன்போல் பிடித்து வைக்க முடிவதில்லை, செடியின் சொந்தச் சுவாசமோ சூட்டோடு சேர்ந்து கூடிக்கொண்டே போகிறது. வரவு குறைந்து செலவு ஏறிவிடுகிறது. பகலில் எத்தனை வெளிச்சம் கிடைத்தாலும் சமைக்கக் கையில் சரக்கு இல்லை.

இப்படி வாரக்கணக்கில் பட்டினி கிடக்கிற செடியின் வேர் தண்ணீரை இழுப்பதையும் குறைத்துவிடும். நாம் இலை சுருங்கியிருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றுகிறோம். சூடான ஈரமண்தான் பூஞ்சைக்கு மிகவும் பிடித்த இடம், சோர்ந்த வேருக்குள் அது எளிதாகப் புகுந்துவிடும். நாம் கண்ணால் பார்ப்பது கடைசிக் காட்சியான அழுகலை மட்டும்தான், அதனால் "தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு" என்று பழியை அன்றைக்கு ஊற்றிய ஒரு குவளைத் தண்ணீர் மேல் போடுகிறோம். பட்டினி அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கியிருக்கும்.

ஆக, சமவெளியில் இருப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தச் செடி என்பதை. என் அனுபவத்தில் சென்னைக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது கிராப்டோபெட்டலம் பராகுவாயென்சே. பெயரில் பராகுவே இருந்தாலும் அதன் சொந்த ஊர் மெக்சிகோவின் தமௌலிபாஸ் மாநிலம், பெயர் வைத்தவர்களுக்கு நேர்ந்த பிழை அப்படியே நின்றுவிட்டது. சாம்பல் கலந்த வெளிர்ஊதா நிறம், கொஞ்சம் நீண்டு தொங்கும், உடைந்து விழுந்த இடத்தில் வேர் விடும். அப்புறம் ஹவார்த்தியாக்கள், இவை காலை வெயிலோ வடிகட்டிய வெளிச்சமோ போதும் என்று இருப்பவை, ஜன்னலோரத்துக்கு நல்லது. ஆனைக்கற்றாழை போன்ற அகேவ் வகைகளையும் சோற்றுக்கற்றாழையையும் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவை தாங்கும். எச்செவேரியாவே வேண்டும் என்றால், 1930களில் ஜெர்மனியில் ரிச்சர்ட் கிரேஸ்னர் உருவாக்கிய பெர்ல் ஃபோன் நியூரன்பெர்க் மாதிரியான கலப்பினங்களில் தொடங்குங்கள். வெள்ளைப்பொடி அப்பிய, இலை தடித்த மலைச்சாதிகளை முதல் வருடமே வாங்காதீர்கள். செம்பர்விவம் சென்னைக்கு வேண்டாம் என்றே சொல்வேன். ஐரோப்பாவில் அதைக் கூரைமேல் வளர்ப்பார்கள், மன்னர் சார்லமேனின் தோட்ட ஆணையிலேயே தோட்டக்காரன் தன் வீட்டுக்கூரையில் அதை வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது, அவ்வளவு உறுதியான செடி. ஆனால் அந்த உறுதி பனிக்கு எதிரானது, புழுக்கத்துக்கு எதிரானது அல்ல. ஏயோனியமும் அப்படித்தான், கோடையில் தூங்கும் செடி, கொடைக்கானலில் வைத்துக்கொள்ளலாம்.

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, ஓசூர், பெங்களூரு என்று மேலே இருப்பவர்களுக்கு இரவு தானாகவே கைகொடுக்கிறது. அவர்களுடைய பிரச்சினை மழை. மெக்சிகோ மேட்டு நிலத்தில் ஈரம் பட்டாலும் சீக்கிரம் காயும். நம் மலைகளில் நாள்கணக்கில் மூட்டமும் தூறலும் நிற்கும். தலைக்குமேல் ஒரு பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. சித்தியின் வாளி வாசலில் ஓட்டுச் சாய்ப்புக்கு அடியில் இருக்கிறது என்பதை நான் பல வருடம் கவனிக்கவே இல்லை.

வாங்கும் மாதமும் முக்கியம். இணையத்தில் விற்கப்படும் செடிகளில் நிறைய கலிம்போங் மாதிரி மலையூர்களில் வளர்ந்தவை. குளிர்ந்த இரவுகளில் கொழுத்து, சிவந்து, படத்தில் கொள்ளை அழகாக இருக்கும். அதை மார்ச்சில் வாங்கினால் பெட்டியில் ஒரு வாரம் இருட்டில் கிடந்துவிட்டு நேராக நம் கோடைக்குள் வந்து இறங்கும். நான் ஒரு தடவை மார்ச் கடைசியில் பத்துச் செடி வாங்கினேன், ஆகஸ்டில் இரண்டு மிஞ்சியது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் வாங்குங்கள். சென்னை இரவு 20, 21 டிகிரிக்கு இறங்கும் அந்தக் கொஞ்ச நாளில்தான் செடி வேர் பிடித்து, இலையில் சரக்குச் சேர்த்துக்கொள்ளும். இலை நுனியின் சிவப்பும் அப்போதுதான் நம் ஊரில் கொஞ்சமாவது வரும்; வெளிச்சமும் குளிர்ந்த இரவும் சேரும்போது செடி உண்டாக்கும் நிறமி அது. ஏப்ரலில் அது பச்சையாகிவிட்டால் உரம் போட்டு மீட்க முடியாது, போட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

வந்த செடி பெரும்பாலும் முழுக்கத் தேங்காய்நார்த்தூளில் இருக்கும். அனுப்புகிறவர்களுக்கு அது எடை குறைவு, வசதி. நமக்கு அது வம்பு: நனைந்தால் பல நாள் காயாது, ஒரேயடியாகக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழியவிட்டுவிடும். வேரை மெதுவாக உதறி அதை எடுத்துவிட்டு, ஓரிரு நாள் நிழலில் காயவைத்து நடுங்கள். நான் போடும் கலவையில் மூன்றில் இரண்டு பங்கு கல் ரகம்: பயறு அளவுக்குச் சலித்த செங்கல் சில்லு, சின்ன ஜல்லி, கிடைத்தால் பியூமிஸ் அல்லது பெர்லைட். மீதி ஒரு பங்கு மண்புழு உரமும் தோட்டமண்ணும், அதோடு ஒரு பிடி கரித்துண்டு. எதைப் போட்டாலும் தூளைச் சலித்து எடுத்துவிட வேண்டும், அதுதான் இதில் பெரிய வேலை. எம்-சாண்ட் போடுகிறவர்கள் அதைக் கழுவிச் சலிக்காமல் போட்டால் தொட்டிக்குள் சிமெண்ட் தளம் மாதிரி இறுகும்.

தூளுக்கு ஏன் இத்தனை பயம் என்றால், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை முழுக்க நனைத்துத் தட்டையாகப் பிடித்துப் பாருங்கள். சொட்டி முடித்ததும் அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பினால் மறுபடியும் சொட்டும், ஆனாலும் அடிப்பக்கம் ஈரமாகவே நிற்கும். தொட்டி மண்ணிலும் இப்படி அடியில் ஒரு ஈர அடுக்கு தேங்கும், ஓட்டை எத்தனை இருந்தாலும் தேங்கும். மண் துகள் எவ்வளவு நுண்ணியதோ அந்த அடுக்கு அவ்வளவு உயரம். அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள், நானும் செய்திருக்கிறேன். ஈர அடுக்கு ஜல்லிக்குமேல் ஏறி உட்காரும், வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். மண் முழுக்க ஒரே மாதிரி கரடாக இருந்தால்தான் அந்த அடுக்கு மெலியும். மண்தொட்டியைச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சுவரின் வழியே நீர் ஆவியாகும்போது பானைத்தண்ணீர் குளிர்வது மாதிரி வேரும் குளிரும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மே மாத மாடியில் வேரை வேகவைத்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு இப்போது ஒரே ஒரு பழக்கம்தான். செடி மூச்சை இழுக்கிற நேரத்துக்கு முன்னால், தொட்டியும் ஆறிய பிறகு, மண்ணில் மட்டும். குளிர் மாதங்களில் அது சாயங்காலமாக இருக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் மாடி ஆற இரவு பத்து மணியாகிறது, அதனால் விடியற்காலையில் கொஞ்சமாக ஊற்றுகிறேன், பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை, வேர் அடியோடு காய்ந்து சாகாமல் இருக்கிற அளவுக்கு மட்டும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் எடையிலேயே தெரியும். அடி இலை ரெண்டு லேசாகச் சுருங்கி வளைந்தால் தாகம். அதே இலை மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி உள்ளே நீர் தெரிந்தால் ஏற்கெனவே அதிகம். நடு அடுக்கில் நீர் நின்றால் ஊதிவிடுங்கள். பாறைச் சரிவில் இந்தச் செடிகள் பக்கவாட்டில் சாய்ந்து வளரும், மழை தானாக வழிந்துவிடும். நாம்தான் கிண்ணம் மாதிரி நிமிர்த்தி வைத்துவிட்டு அதற்குள் தண்ணீர் தேங்கவிடுகிறோம். ஊதும்போது இலைமேல் இருக்கும் வெள்ளைப்பொடியை விரலால் துடைக்கக் கூடாது. அது தூசி அல்ல, இலையே சுரந்த மெழுகு, வெயிலுக்கும் நீருக்கும் கவசம், முதிர்ந்த இலையில் ஒருமுறை போனால் அந்த இலையில் திரும்ப வராது.

இரவைக் குளிர்விக்க என்ன செய்வது? முழுக்க முடியாது. என்னால் முடிந்தது இவ்வளவு: ஏப்ரல் முதல் செடிகளைத் தளத்திலிருந்து தூக்கி, இடுப்பு உயர இரும்பு ஸ்டாண்டில் வைத்தேன், மேலே ஐம்பது சதவீத நிழல்வலை, கீழே தளத்தில் வெள்ளைப் பூச்சு, ராத்திரி எட்டிலிருந்து விடியும்வரை ஒரு மேசை விசிறி. விசிறி போட்டதைப் பார்த்து வீட்டில் கேட்டார்கள், ஆமாம், செடிக்குத்தான். காற்று ஓடினால் இலையைச் சுற்றித் தேங்கும் புழுக்கம் கலைகிறது, மண் சீக்கிரம் காய்கிறது. விசிறி வந்த பிறகு என்னிடம் மே மாதச் சாவு பாதிக்கும் கீழே குறைந்தது.

சரி, இனப்பெருக்கத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இலை வைப்பதில் ரகசியம் அடிப்பகுதியில் இருக்கிறது. ரணகள்ளிக்கு இலை ஓரத்திலேயே குட்டி தயாராக இருக்கும். எச்செவேரியாவுக்கும் கிராப்டோபெட்டலத்துக்கும் இலை தண்டோடு ஒட்டும் அந்தச் சின்ன இடத்தில்தான் புதுச் செடியாக மாறக்கூடிய செல்கள் உள்ளன. அதனால் வெட்டி எடுக்கக் கூடாது. அடி இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, இடமும் வலமும் மெதுவாக அசைத்தால் டப் என்று முழுசாகக் கழன்று வரும். அடி கிழிந்த இலை வேர் விட்டாலும் விடும், குட்டி வராமல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். தண்ணீர் ஊற்றி மூன்று நாள் கழித்துப் பறிப்பதைவிட, மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது பறித்தால் சுத்தமாகக் கழல்கிறது, இலையும் உடையாது.

பறித்ததை நிழலில் மூன்று நாலு நாள் சும்மா வையுங்கள், காயம் ஆறித் தோல் கட்டட்டும். பிறகு அகலமான தட்டில் உலர்ந்த கலவையின்மேல் படுக்கவைத்தால் போதும், புதைக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் இளஞ்சிவப்பில் நூல் மாதிரி வேர் வரும். வேரைப் பார்த்த பிறகுதான் தண்ணீர். அதுவும் வேர் நுனிப்பக்கம் லேசாகத் தெளிப்பு. அதுவரை குட்டிக்குச் சோறும் தண்ணீரும் தாயிலையிலிருந்து வருகிறது. சில இலைகளில் வேர் முதலில், சிலவற்றில் குட்டி முதலில், சிலவற்றில் ஒரே இடத்தில் மூன்று குட்டி. வேர் வெயிலில் காய்ந்துவிடாமல் ஒரு சிட்டிகை மண் தூவலாம். தாயிலையைப் பிய்க்காதீர்கள், அது சருகாகித் தானாகக் கழலும்போதுதான் குட்டி தன் காலில் நிற்கிறது என்று அர்த்தம். பத்து இலை வைத்தால் ஆறேழு வந்தால் நல்ல கணக்கு என்று எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாச் செடிக்கும் இது பொருந்தாது, இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சோற்றுக்கற்றாழை மடலை நட்டால் அழுகும், அகேவ் இலையும் அப்படியே, ஏயோனியம், செம்பர்விவம் இலைகளிலிருந்தும் பொதுவாக ஒன்றும் வராது. ஹவார்த்தியா வரும், ஆனால் அடியோடு எடுக்க வேண்டும், ஒரு வருடப் பொறுமையும் வேண்டும். பெரிய இலை எச்செவேரியாக்களில் முதிர்ந்த இலையைவிடப் பூத்தண்டில் இருக்கும் சின்ன இலைகள் நன்றாக வரும். பூ வாடியதும் தண்டை வெட்டி எறிவதற்கு முன் அவற்றைக் கழற்றித் தட்டில் போட்டுவிடுங்கள். எந்தச் செடியையும் சிதைக்காமல் பத்துப் பதினைந்து குட்டி கிடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கழுத்து நீண்ட செடிக்குத் தலைவெட்டுதான் மருந்து. வெளிச்சம் போதாமல் இடைவெளி விட்டு நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. நைலான் நூலை இலைகளுக்கு நடுவே விட்டு, தண்டைச் சுற்றி முடிச்சு மாதிரி இழுத்தால் கத்தி நுழையாத இடத்திலும் சுத்தமாக அறுபடும். தலையின் அடியில் ஒரு அங்குலத் தண்டு இருக்கட்டும். ஒரு வாரம் காலி டம்ளர் வாயில் உட்காரவைத்தால் காயம் ஆறி, பெரும்பாலும் அங்கேயே வேர் எட்டிப்பார்க்கும். கீழே நிற்கும் மொட்டைத் தண்டையும் எறிய வேண்டாம், அதில் நாலைந்து இலை விட்டுவைத்திருந்தால் நல்லது. நுனிக்குருத்து இருக்கும்வரை அது அனுப்பும் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். தலை போனதும் அடக்கியிருந்தவை எல்லாம் ஒன்றாக விழிக்கும். என் மொட்டைத் தண்டு ஒன்றில் ஆறு குட்டிகள் வந்தன. வெட்டும்போது தண்டின் குறுக்குவெட்டைப் பாருங்கள். வெளிர்பச்சையாக இருந்தால் சரி, நடுவில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் பூஞ்சை ஏறிவிட்டது, சுத்தமான இடம் வரும்வரை கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து மேலே மேலே நறுக்க வேண்டும். அழுகும் செடியைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். மருந்து ஊற்றிக் காப்பாற்றிய செடி என்னிடம் ஒன்றும் இல்லை.

பக்கக் குட்டியைப் பிரிப்பது எளிது, தாயில் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்த பிறகு பிரித்தால் போதும். பிரிக்கும்போது வேரில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி இலை இடுக்கில் மட்டுமல்ல, வேரிலும் குடியிருக்கும், எறும்பு அதைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த தொட்டியில் விடும். எறும்பு வரிசை கண்ணில் பட்டாலே நான் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிடுவேன். இலையில் என்றால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி எடுப்பேன். வேப்பெண்ணெய் தெளித்துவிட்டு வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும், வெள்ளைப்பொடியும் கறையாகும்.

குட்டி எடுக்கத் தெரிந்திருப்பது அகேவ், செம்பர்விவம் வளர்ப்பவர்களுக்கு இன்னும் அவசியம். இவற்றில் பூத்தண்டு நடுக்குருத்திலிருந்தே கிளம்பும், வளரும் நுனி முழுசாகப் பூவாக மாறிவிடும், அதனால் பூத்த அடுக்கு காய்ந்து செத்துவிடும். பல வருடம் வளர்ந்த ஆனைக்கற்றாழை ஆளைவிடப் பல மடங்கு உயரத்துக்குக் கம்பம் மாதிரி பூத்தண்டை விட்டுவிட்டு மடிவதைச் சாலையோரத்தில் பார்த்திருப்பீர்கள். செடிக்கு ஏதோ நோய் என்று பதற வேண்டாம், சுற்றிலும் குட்டிகளை விட்டுவிட்டுத்தான் போகும். எச்செவேரியாவில் பூத்தண்டு இலை இடுக்கிலிருந்து பக்கவாட்டில் வரும், நடுக்குருத்து அப்படியே இருக்கும், அதனால் வருடா வருடம் பூக்கலாம். சோர்ந்த செடியாக இருந்தால் மட்டும் பூத்தண்டைக் கிள்ளிவிடுகிறேன்.

இதெல்லாம் தெரியாததால், அல்லது காத்திருக்கப் பொறுமை இல்லாததால், காட்டிலிருந்து பிடுங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் கடலோரப் பாறைகளில் வெள்ளைப்பொடி பூசிய டட்லியாக்கள் ஒட்டிக்கொண்டு வளரும். கிழக்கு ஆசியாவில் அவற்றுக்கு விலை ஏறியபோது ஆட்கள் ஆயிரக்கணக்கில் பிடுங்கினார்கள். ஒரே வழக்கில் 3,700க்கும் மேற்பட்ட செடிகள் பிடிபட்டு, 2022-இல் ஒருவருக்கு இரண்டு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம் டட்லியா திருட்டுக்கென்றே அந்த மாநிலத்தில் தனிச் சட்டம் போட்டார்கள். விதையிலிருந்து நர்சரியில் வளர்க்கக்கூடிய செடி இது. வாங்கும்போது வேரில் பாறைத்துகளும், இலையில் வருடக்கணக்கான தழும்பும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத வடிவமும் இருந்தால், எங்கே வளர்ந்தது என்று விற்கிறவரிடம் கேளுங்கள். ஒரு செடியின் இலைகளிலிருந்து இருபது செடி எடுக்கத் தெரிந்தவருக்குக் காட்டுச்செடி தேவையே இல்லை.

எச்செவேரியா என்ற பெயரும் ஒரு பிரதியெடுத்த கதையோடுதான் சேர்ந்திருக்கிறது. ஸ்பெயின் அரசு 1787 முதல் 1803 வரை மெக்சிகோவில் நடத்திய தாவர ஆய்வுப் பயணத்தில் படம் வரைந்த மெக்சிகோ ஓவியர் அத்தனாசியோ எச்செவேரியாவின் பெயர் அது. அந்தப் படங்களை மொசினோ என்ற தாவரவியலாளர் நாடு கடந்து தூக்கிக்கொண்டு போய், கடைசியில் பிரான்சின் மோன்பெலியேவில் தே கந்தோல் என்ற தாவரவியலாளர் கையில் கொடுத்தார், அவர் அவற்றை ஜெனீவாவுக்குக் கொண்டுபோனார். 1817-இல் ஸ்பெயினுக்குத் திரும்பக் கிளம்பிய மொசினோ படங்களையும் திருப்பிக் கேட்டார். ஜெனீவாவில் படம் வரையத் தெரிந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், அதில் பெரும்பாலும் பெண்கள், சுமார் பத்து நாளில் நூற்றுக்கணக்கான படங்களைப் பிரதியெடுத்துக் கொடுத்தார்கள். மூலப்படங்கள் பிறகு காணாமலே போய், 1981-இல்தான் அமெரிக்காவின் ஹண்ட் தாவரவியல் ஆவண நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தன. இடையில் அத்தனை வருடமும் ஜெனீவாப் பிரதிகள்தான் கைகொடுத்தன. அந்த ஓவியரின் பெயரை 1828-இல் இந்தச் செடிக்கு வைத்தவரும் தே கந்தோல்தான்.

போன நவம்பரில் சித்தி வீட்டு வாளியிலிருந்து நாலாவது தடவையாக ஒரு குட்டி எடுத்துவந்தேன். இந்தத் தடவை அதை அப்படியே வைத்து வேடிக்கை பார்க்கவில்லை. வந்த மூன்றாம் வாரமே அடி இலை எட்டைக் கழற்றித் தட்டில் போட்டேன். தீபாவளி கழிந்து பெருமழை ஓய்ந்து இரவு குளிரத் தொடங்கும்போது வைத்தால், மே மாதத்துக்கு முன் குட்டிக்கு ஐந்து மாதம் கிடைக்கிறது. பிப்ரவரி கடைசியில் வைத்தால் தாயிலை காய்வதற்குள் கோடை வந்துவிடும். எட்டில் ஆறு வந்தன. ஜனவரியில் ஒரு ரூபாய் நாணய அளவு, மார்ச்சில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிது. இங்கேயே முளைத்த குட்டிகள், இந்த இரவைத் தவிர வேறு இரவு அவற்றுக்குத் தெரியாது. மே மாதத்தில் தாய்ச்செடி சோர்ந்து பாதி இலையைக் கொட்டியபோதும் ஆறில் நாலு குட்டி விசிறிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. செப்டம்பரில் அவற்றுக்குத் தொட்டி மாற்ற வேண்டும், செங்கல் சலித்து வைத்திருக்கிறேன்.